மடியில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்தே பார்க்கிறார்கள். விமானம், கூடுகள், மேல்தளச் சிற்பங்கள் என்று கண் மேலேயே நின்றுவிடும். அடுத்த முறை போனால் கொஞ்சம் குனிந்து அடிப்பகுதியையும் பாருங்கள். மேலே நுணுக்கமாக இழைத்த கல், கீழே சில இடங்களில் செதுக்கி முடியாமல் கரடுமுரடாக நிற்கும். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி வந்ததன் தடயம் அது.

அப்படி வேலை செய்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. உச்சியில் உளி பிடித்தவருக்குக் கீழே செதுக்கப்படாத முழுப் பாறை இருந்தது. அந்தப் பாறை தன்னையும் தாங்கியது, அவரையும் தாங்கியது.

அதே மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறிப் பாருங்கள். பல்லவர் காலத்துக் கல்லின் இடத்தை இன்று கான்கிரீட் பிடித்திருக்கிறது. வீடுகள், மேம்பாலங்கள், தொழிற்சாலைக் கூரைகள், சுற்றுச்சுவர் பலகைகள், ஹாலோ பிளாக், நடைபாதைக்குப் பேவர் பிளாக் என்று எங்கும் அதுதான். கல்லுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கான்கிரீட் பிறக்கும்போது வெறும் கூழ். தன்னைத் தாங்கும் வலு அதற்கு வரும்வரை வேறொன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் அச்சு என்றும் சென்ட்ரிங் என்றும் ஷட்டரிங் என்றும் மோல்டு என்றும் பெயர்கள். இந்த அச்சைச் செய்கிறவர்கள், அதில் கான்கிரீட்டை ஊற்றுகிறவர்கள், பிரிக்கிறவர்கள், கழுவுகிறவர்கள் ஆகியோரின் உயிர் எந்த விதிகளைச் சார்ந்திருக்கிறது என்பதே இந்த அத்தியாயம்.

விபத்து என்றால் என்ன?

ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1961இல் இந்தக் கேள்விக்கு இயற்பியல் வழியில் பதில் சொன்னார். மனித உடலுக்குக் காயம் ஏற்படுவது ஆற்றல் பாய்வதால்தான். விழும் பொருளின் ஆற்றல், சுழலும் சக்கரத்தின் ஆற்றல், மின்சாரம், வெப்பம், வேதிவினை என வடிவங்கள் வேறாக இருக்கலாம். உடல் தாங்கும் அளவை மீறி இவற்றில் ஒன்று உள்ளே இறங்குவதைத்தான் காயம் என்கிறோம். வில்லியம் ஹாடன் என்ற மருத்துவர் இந்தக் கருத்தை விரித்துச் சாலைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தினார்.

இதன் பயன் பெரிது. 'கவனமாக இரு' என்று ஒருவரிடம் சொன்னால் எதைக் கவனிப்பது என்று அவருக்குத் தெரியாது. 'இந்த இடத்தில் ஆற்றல் எங்கே அடைபட்டிருக்கிறது, அது வெளியேறினால் எந்த வழியாக வரும்' என்று கேட்டால் பார்க்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். ஓடும் இயந்திரத்தைக் கண்டு எல்லாரும் ஒதுங்குகிறோம். அசையாமல் நிற்பவற்றில் அடைபட்ட ஆற்றலைக் காணத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

கூழின் எடை

ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலக் கனத்துக்கு ஒரு தளம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் ஏறத்தாழ பன்னிரண்டு கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. மொத்தம் 28 டன். வளர்ந்த யானைக்கு 4 டன் என்று கணக்கிட்டால் ஏழு யானைகள். கம்பியின் எடையும், மேலே நடக்கும் ஆட்களின் எடையும் தனி. வேலை நடக்கும் நாள் முழுவதும் இத்தனை எடையும் தகடுகளின் மேலும், தகடுகளுக்குக் கீழே நிற்கும் முட்டுகளின் மேலும் இருக்கிறது. பம்பிலிருந்து வரும் கான்கிரீட்டைப் பரப்பாமல் ஒரே இடத்தில் குவித்தால் அந்த இடத்து முட்டுகள் மட்டும் பல மடங்கு சுமக்க நேரிடும்.

தூணிலும் சுவரிலும் எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. ஈரக் கான்கிரீட் திரவத்தைப் போலப் பக்கவாட்டிலும் தள்ளும். மூன்று மீட்டர் உயர அச்சை ஒரே மூச்சில் நிரப்பினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 7 டன்னுக்கு மேல் அழுத்தம் இருக்கும். இரண்டுக்கு மூன்றடித் தகடு ஒன்று அங்கே 3 டன்னுக்கு மேல் தள்ளுவிசையைத் தாங்கி நிற்கிறது. அதைப் பிடித்திருப்பவை நாலைந்து போல்ட்டுகளும் ஆப்புகளும்தான். அவசரத்தில் ஓர் ஆப்பை விட்டுவிட்டால், அச்சு வாய் பிளந்து கான்கிரீட் கொட்டும். அருகில் நிற்பவரின் கால்மேல் தகடு விழும்.

மெதுவாக ஊற்றினால், கீழே இருப்பது இறுகத் தொடங்கிவிடும். பக்கவாட்டு அழுத்தம் குறையும். சித்திரை வெயிலில் இது சீக்கிரம் நடக்கும். மார்கழி விடியலில் தாமதமாகும். அதே ஆட்கள் அதே பம்பை அதே வேகத்தில் ஓட்டினாலும் மார்கழியில் அச்சு அதிகம் சுமக்கிறது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் கலவைப் பொருளைச் சேர்த்திருந்தாலும் அப்படித்தான். வைப்ரேட்டரை அளவுக்கு மீறி ஆழமாக இறக்கினால், இறுகத் தொடங்கிய அடிப்பகுதி மறுபடி கூழாகிவிடும். இந்தக் காரணங்கள் தெரிந்த தொழிலாளி 'மெதுவாக ஊற்று' என்பதை முதலாளியின் கெடுபிடியாக நினைக்க மாட்டார்.

சவுக்குக் கட்டையும் ஆய்லரும்

மாமல்லபுரம் முதல் கல்பாக்கத்துக்குத் தெற்கு வரை கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாக இந்தக் கரையோரம் பரவிய மரம் இது. இன்று சாரம் கட்டவும் தளத்துக்கு முட்டுக் கொடுக்கவும் போகிறது. இரும்பு ஜாக்கி வந்த பிறகும் சின்ன வீடுகளில் சவுக்குக் கட்டைதான் இன்னும் கைகொடுக்கிறது.

முட்டு எப்படி உடைகிறது? நசுங்கி உடைவதில்லை, வளைந்து ஒடிகிறது. பிளாஸ்டிக் அளவுகோலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி உச்சியில் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் நேராக நிற்கும், பிறகு சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். லியோனார்ட் ஆய்லர் 1744இல் இதற்குக் கணக்கு எழுதினார். ஒரு முட்டின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறைகிறது. விட்டத்தில் கணக்கு இன்னும் கடுமை. பத்து சென்டிமீட்டர் கட்டைக்குப் பதிலாக எட்டு சென்டிமீட்டர் கட்டையை நிறுத்தினால், ஐந்தில் ஒரு பங்குதான் மெலிந்திருக்கிறது என்று கண் சொல்லும். வளைவதை எதிர்க்கும் வலுவோ பாதிக்கும் கீழே, 41 சதவீதத்துக்கு, விழுந்துவிடும்.

நடுவில் ஒரு குறுக்குக் கட்டையை வைத்து எல்லா முட்டுகளையும் பிணைத்தால், ஆறடிக் கட்டை கணக்கில் இரண்டு மூன்றடிக் கட்டைகளாகிவிடுகிறது. வலு நான்கு மடங்காகிறது. 'குறுக்கே ஒண்ணு அடிடா' என்று மேஸ்திரி கத்துவது ஆய்லர் சமன்பாட்டைத்தான். உயரம் போதாமல் இரண்டு கட்டைகளை ஒட்டுப்போட்டு நிறுத்துவதும், அடியில் செங்கல் அடுக்கி உயர்த்துவதும், ஈர மணலில் பலகை வைக்காமல் ஊன்றுவதும் எந்தக் கணக்குக்கும் அடங்காத ஆபத்து.

இரும்பு ஜாக்கிக்கு இந்தக் கரையில் வேறொரு எதிரி உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு அதன் மரையையும் குழாயின் உட்புறத்தையும் தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும்; உள்ளே குழாய்ச் சுவர் மெலிந்திருக்கும். வாடகைக்கு வரும் ஜாக்கிகளைச் சுத்தியலால் தட்டி ஒலி கேட்பதும், வளைந்தவற்றை ஒதுக்குவதும், மாட்ட வேண்டிய பின்னுக்குப் பதில் எட்டு மில்லிமீட்டர் கம்பித் துண்டைச் செருகாமலிருப்பதும் கட்டாயம்.

காய்வதும் இறுகுவதும்

கான்கிரீட் காய்ந்துவிட்டது என்று சொல்கிறோம். சொல் பழகிவிட்டது, ஆனால் அது தவறான எண்ணத்தைத் தருகிறது. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் வலுப்பெறுகிறது. வெயிலும் கடற்காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், வெளுத்துப் போன தளம் கெட்டியாகத் தோன்றும். உள்ளே வினை பாதி வழியில் நிற்கும். காய்ந்த கான்கிரீட்டும் இறுகிய கான்கிரீட்டும் கண்ணுக்கு ஒன்றுதான்.

அதனால்தான் அச்சுப் பிரிப்பதை இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 நாள்கணக்கில் சொல்கிறது. சாதாரண சிமென்ட், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பம் என்ற நிலையில், தூண், சுவர்களின் பக்கத் தகடுகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம். தளத்தின் அடித்தகட்டை 3 நாளில் எடுத்து உடனே முட்டுகளை மறுபடி நிறுத்த வேண்டும். தாங்கிகளுக்கு இடையே நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகள் 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்தரம் ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்.

இந்த எண்களுக்குப் பின்னால் மரணங்கள் இருக்கின்றன. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில், மின்நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு வளையமாகக் கான்கிரீட் ஊற்றுவார்கள். சாரமும் அச்சும் முந்தைய நாள் ஊற்றிய வளையத்திலேயே கவ்வி நிற்கும். இரவு குளிராக இருந்தது. காலையில் புதிய சுமையை மேலே தூக்கியபோது, போதிய வலுப்பெறாத முந்தைய நாள் கான்கிரீட் பெயர்ந்தது. சாரம் கோபுரத்தைச் சுற்றி உரிந்துகொண்டே வந்தது. அதில் நின்ற 51 பேரும் இறந்தார்கள். 38 ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பர் 24 அன்று, சீனாவின் ஃபெங்செங்கில் இன்னொரு குளிர்விப்புக் கோபுரம். கான்கிரீட் வலுப்பெறும் முன்பே அச்சைப் பிரித்தார்கள். 73 பேர் இறந்தார்கள்.

நம் அருகிலும் நடக்கிறது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டப்பட்டுவந்த அனல்மின் நிலையத்தில் இரும்பு வளைவும் சாரமும் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள்.

அச்சு பிறக்கும் பட்டறை

தளத்தில் நிற்கும் அச்சு ஒரு பட்டறையில் பிறக்கிறது. இரும்புத் தகட்டைக் கத்தரி இயந்திரத்தில் வெட்டுகிறார்கள். பிரஸ் பிரேக்கில் ஓரத்தை மடிக்கிறார்கள். ஆங்கிளை வெல்டிங் வைத்து, கிரைண்டரால் பிசிறு நீக்குகிறார்கள். இந்த நான்கு வேலைகளிலும் கை, கண், காது, நுரையீரல் எல்லாம் பந்தயத்தில் இருக்கின்றன.

பட்டறைகளில் 'ஏஜி 4' என்று சொல்லும் நாலங்குலக் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். வட்டின் விட்டம் பத்து சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 11,000 சுற்று. விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டால் வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 207 கிலோமீட்டர். வட்டு உடைந்தால் அதன் துண்டு அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும். வட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். வாங்குபவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? துகள்களை ஒட்டியிருக்கும் பிசின் நாள்பட நாள்பட, ஈரம் பட, வலுவிழக்கிறது. கடற்கரையை ஒட்டிய பட்டறைகளில் வட்டுகளைத் தரையில் போட்டு வைக்கவே கூடாது. வெட்டும் மெல்லிய வட்டைப் பக்கவாட்டில் சாய்த்துத் தேய்ப்பதும், 'மறைக்கிறது' என்று காப்புத் தகட்டைக் கழற்றுவதும், பெரிய கிரைண்டரின் வட்டைச் சின்னதில் மாட்டுவதும் அந்த 207 கிலோமீட்டரை நம் பக்கம் திருப்பிவிடுகின்றன.

பிரஸ் பிரேக்கில் பிரச்சினை வேறு. தகடு மடியும் இடத்துக்கு மிக அருகில் கை இருக்கிறது. கை பாயும் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று பன்னாட்டுத் தர விதி ஒன்று கணக்கில் கொள்கிறது. ஆபத்தைக் கண்டதும் இயந்திரம் நிற்க 0.2 வினாடி ஆகும் என்றால், அதற்குள் கை 40 சென்டிமீட்டர் போய்விடும். அதனால் கையைக் கண்டறியும் ஒளித்திரை பிரஸ்ஸின் அச்சிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அருகில் வைத்தால் ஒளித்திரை இருந்தும் பயனில்லை. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு இன்னும் எளிது. இரண்டு கைகளும் பொத்தான்மேல் இருக்கும்போது அச்சுக்குள் கை எப்படிப் போகும்? உற்பத்தி கூட வேண்டும் என்று ஒரு பொத்தானைத் துணியால் கட்டி வைக்கும் பட்டறை, ஒரு விரலை ஏற்கெனவே விலை பேசிவிட்டது.

ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் எண்ணெய் 150 பார் அழுத்தத்தில் இருந்தால், தள்ளுவிசை கிட்டத்தட்ட 12 டன். அந்த எண்ணெய்க் குழாயில் ஊசித்துளை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கும். உடனடி அறுவை தேவை. எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

அச்சில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பழைய இன்ஜின் ஆயில் பூசுவது இங்கே சாதாரணம். அது தோலைக் கெடுக்கும், தரையை வழுக்கலாக்கும். ஈரச் சிமென்ட் தோலில் தங்கினால் வலியில்லாமலே சுட்டுவிடும். மாலையில் செருப்பைக் கழற்றும்போதுதான் புண் தெரியும். இறுகிய கான்கிரீட்டைத் தேய்க்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து, குணமாகாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. கருங்கல்லை மெஷினில் அறுக்கும் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். தண்ணீர் தெளித்து அறுத்தால் தூசியின் பெரும்பகுதி காற்றுக்கு வராது. முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியை நிறுத்தாது.

நின்றுபோன மிக்சர்

சில ஆண்டுகளுக்கு முன் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு ஹாலோ பிளாக் களத்துக்குப் போயிருந்தேன். பான் மிக்சரின் உள்சுவரில் கான்கிரீட் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஒடிசாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் உள்ளே இறங்கக் காலைத் தூக்கினார். மின்சாரம் போயிருந்த நேரம். மிக்சர் அசையாமல் நின்றது.

"இரு தம்பி" என்று குரல் வந்தது. அறுபதைத் தொட்ட மேஸ்திரி. சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். பெட்டியைத் திறந்து மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தோளிலிருந்த துண்டில் சுற்றி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். மின்சாரம் திரும்பி வரும்வரை இளைஞரை உட்கார வைத்தார். வந்ததும் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். மிக்சர் அசையவில்லை. பிறகுதான், "இப்போ எறங்கு" என்றார்.

"மெயினை இறக்கினா போதாதா, ஐயா?" என்று கேட்டேன்.

"நான் எறக்குவேன் சார். நான் டீ குடிக்கப் போனா, தெரியாம இன்னொருத்தன் ஏத்துவான். கட்டை என் மடியில இருக்குற வரைக்கும் எவனால ஏத்த முடியும்?"

அமெரிக்க அரசு 1989இல் ஒரு விதி கொண்டுவந்தது. இயந்திரத்துக்குள் கை வைக்கும் முன் ஆற்றலின் எல்லா வாய்களையும் மூட வேண்டும். மூடியதைப் பூட்டிச் சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இயக்கிப் பார்த்து, இயங்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மேஸ்திரி செய்தது கிட்டத்தட்ட இதையேதான்; கட்டைகள் உள்ளே இறங்குபவரின் மடியில் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. பச்சைப் பொத்தானை அழுத்திப் பார்த்த அந்தக் கடைசிப் படியைப் பயிற்சி பெற்ற பொறியாளர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

மின்வெட்டு நேரத்தில் இது ஏன் இன்னும் முக்கியம்? நல்ல ஸ்டார்ட்டரில், மின்சாரம் போனதும் விடுபட்டு, மறுபடி பொத்தானை அழுத்தும்வரை சேராத காந்தச் சுருள் ஒன்று இருக்கும். அது கெட்டுப்போனாலோ, 'அடிக்கடி விழுகிறது' என்று அதைக் கட்டி வைத்திருந்தாலோ, மோட்டாரைச் சாதாரண சுவிட்சில் நேரடியாக இணைத்திருந்தாலோ, மின்சாரம் திரும்பிய கணத்தில் மிக்சர் தானாக ஓடும். நின்ற மிக்சர் அணைந்த மிக்சர் ஆகாது.

ஃபியூஸ் கட்டையாலும் அடக்க முடியாத ஆற்றல்கள் உண்டு. கலவை இயந்திரத்தில் கம்பி வடத்தால் மேலே தூக்கி நிறுத்திய ஹாப்பருக்கு மின்சாரமே வேண்டாம். பிரேக் நழுவினால் போதும், கீழே குழியில் மண் அள்ளுபவர்மேல் விழும். அதைச் சங்கிலியாலோ இரும்புப் பின்னாலோ பூட்டாமல் கீழே போகவே கூடாது. பழைய பிரஸ்களின் பெருஞ்சக்கரம் மோட்டார் நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருக்கும். ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு பிடிக்கும் வைப்ரேட்டரின் வயர் எங்கோ உரிந்திருக்கும். 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத களத்தில் அதைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

சட்டமும் மொழியும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்கு வேலி கேட்டது. 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே யார் வேலை செய்யலாம் என்று வரையறுத்தது. 1984 டிசம்பரில் நடந்த போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987இல் செய்த திருத்தம், தன் வேலையிலுள்ள ஆபத்தைப் பற்றிய தகவலையும் பயிற்சியையும் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுத்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1996இல் தனிச் சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டுத் தொழில்பாதுகாப்புத் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்கிறது. பழைய சட்டத்தில் இது 10. எட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் வேலை செய்யும் ஹாலோ பிளாக் களங்களும் அச்சுப் பட்டறைகளும் இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கிரைண்டர் வட்டு அங்கேயும் அதே 207 கிலோமீட்டரில்தான் சுற்றுகிறது. எல்லையை உயர்த்தியது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

மொழி இன்னொரு சுவர். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துப் பட்டறைகளில் இன்று ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம் எல்லாம் கேட்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்குச் சுவர்ப் படம். 'புரிந்ததா?' என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம். கேட்பதை விட்டுச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். 'மிக்சரைக் கழுவ வேண்டும், எப்படி நிறுத்துவாய், காட்டு' என்றால், இரண்டு நிமிடத்தில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது வெளிவந்துவிடும்.

தலைக்கவசம், கையுறை, கண்ணாடி எல்லாம் வேண்டும். ஆனால் வரிசையில் அவை கடைசி. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா, பிறகு வேலி போட முடியுமா, பூட்ட முடியுமா என்று பார்த்து, எஞ்சியதற்குத்தான் கவசம். சுழலும் இயந்திரத்தருகே தளர்ந்த கையுறை கையையே உள்ளே இழுத்துவிடும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மடிக்குப் பதில் பூட்டு

அந்தக் களத்துக்குப் போய்வந்த பிறகு ஒன்று எனக்கு உறைத்தது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மறைந்துகொண்டிருக்கின்றன. புதிய பலகைகளில் எம்.சி.பி. என்ற தானியங்கிச் சுவிட்ச் இருக்கிறது. அது பல வகையிலும் நல்லது. ஆனால் அதைப் பிடுங்கி மடியில் கட்ட முடியாது. விரல் நுனியால் யாரும் தூக்கிவிடலாம். பழைய கருவியோடு சேர்ந்து மேஸ்திரியின் பழக்கமும் போய்விடும், அதன் இடத்தில் எம்.சி.பி.யைப் பூட்டும் கிளிப்பும், ஆளுக்கொரு பூட்டும், பூட்டுக்கு ஒரே சாவியும் வராவிட்டால்.

களம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அந்தப் பூட்டை வாங்குங்கள். வீடு கட்டுபவர்கள் தளம் போடும் அன்று காலையில் மேஸ்திரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: முட்டுகளுக்குக் குறுக்குக் கட்டை இருக்கிறதா? எத்தனையாவது நாள் பிரிக்கப்போகிறீர்கள்? மிக்சரைக் கழுவும்போது மின்சாரத்தின் சாவி யார் கையில் இருக்கும்? முதல் இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வரும்வரை யாரையும் மிக்சருக்குள் இறங்க விடாதீர்கள்.